சிலிண்டர் இல்லாமலும் செடி வளரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் மீன்தொட்டிச் செடிகள் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், தனி மண், விலை உயர்ந்த விளக்கு, வாராவாரம் ஊற்றும் உரம் என்று வாங்க வேண்டியவற்றைச் சொல்வதிலேயே பாதிக் கட்டுரை போய்விட்டது. புதிதாகத் தொட்டி வைக்க நினைப்பவர் இதைப் பார்த்தால் ‘இது நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று ஒதுங்கிவிடுவார். இத்தனையும் தேவைப்படுவது தரையோடு படரும் சிறு செடிகளுக்கும், சிவப்பு இலைச் செடிகள் சிலவற்றுக்கும்தான். அதைக் கட்டுரை சொல்லவே இல்லை.

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா மாஸ், கிரிப்டோகொரைன், வாலிஸ்னேரியா, ஹார்ன்வொர்ட் ஆகியவற்றுக்கு மீன்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடும் காற்றிலிருந்து தண்ணீரில் கரைவதுமே போதும். சில மெதுவாக வளரும், அவ்வளவுதான். அனுபியாஸ் மாதத்துக்கு ஓரிரு இலை விட்டாலே நன்றாக இருக்கிறது என்று பொருள். ஆனால் அதையும் ஜாவா ஃபெர்னையும் மண்ணில் புதைக்கக்கூடாது. இஞ்சி மாதிரி படுத்திருக்கும் தடித்த தண்டு புதைந்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ வைத்துப் பருத்தி நூலால் கட்டிவிட்டால், நூல் மக்குவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும்.

பணம் வீணாவது பெரும்பாலும் இன்னோர் இடத்தில். வாங்கி நட்ட செடி இரண்டு வாரத்தில் கூழாகிவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிட்டு, மறுபடி வாங்குகிறார்கள். பண்ணைகளில் பல செடிகளை இலை தண்ணீருக்கு வெளியே இருக்கும்படிதான் வளர்க்கிறார்கள். அந்த இலைகள் நீருக்குள் நிலைக்காது. கிரிப்டோகொரைனில் இது ரொம்பவே அதிகம்; ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால்கூட இலை முழுவதும் கரைந்துவிடலாம். வேரைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது. அழுகிய இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, இடம் மாற்றாமல் விட்டால், சில வாரங்களில் நடுவிலிருந்து சுருண்ட தளிர் வரும். பழைய இலையைவிட ஒடுக்கமாக, நிறமும் சற்று மாறி இருக்கும். அதுதான் நீருக்குள் வாழத் தெரிந்த இலை.

விளக்கைப் பொறுத்தவரை, அட்டையில் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) என்று போட்டிருக்கும் சாதாரண வெள்ளை எல்இடி பல்பே இந்தச் செடிகளுக்குப் போதும். கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் டைமர் வாங்கலாம். தினமும் 6 முதல் 8 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். பாசி படிந்தால் மருந்து தேடுவதற்கு முன் விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். மீனுக்குப் போடும் தீனியையும்தான்.

தனி மண்ணுக்குப் பதில், உரமும் பூச்சிமருந்தும் படாத தோட்டத்து மண்ணைச் சலித்து ஓர் அங்குலம் பரப்பி, மேலே அதே அளவு கழுவிய மணலைப் போடலாம். முதல் சில வாரங்கள் மண்ணிலிருந்து அம்மோனியா கசியும். அதனால் தண்ணீரை அடிக்கடி மாற்றி, மீனைப் பிறகு விடுவதே நல்லது. உரத்தைப் பொறுத்தவரை, மீன் உள்ள தொட்டியில் நைட்ரஜன் சத்து அவ்வளவாகக் குறையாது. பழைய இலைகளில் ஊசி குத்தியது போல ஓட்டை விழுந்தால் பொட்டாசியம் போதவில்லை. புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து போதவில்லை. எது குறைகிறதோ அதை மட்டும் வாங்கினால் போதுமே, அப்புறம் எதற்கு ஐந்தாறு புட்டி?

என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது வேறு. லக்கி பேம்பூ, பீஸ் லில்லி, மாண்டோ கிராஸ் போன்ற நிலச் செடிகளைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்து, நீர்ச்செடி என்றே விற்கிறார்கள். வேர் மட்டும் நீரில் இருந்தால் லக்கி பேம்பூ பிழைக்கும். முழுக்க மூழ்கினால் உடனே சாகாமல் மெல்ல மெல்ல அழுகும். வாங்கியவரோ தன் கைராசிதான் சரியில்லை என்று நினைத்து, இன்னும் உரம் வாங்கி ஊற்றுகிறார். தெரிந்தே செய்பவர்கள் இதை நிறுத்த வேண்டும்.

இப்படி விற்கப்படும் நிலச் செடிகளின் படங்களைப் பெயரோடு ஒரு பக்கத்தில் வெளியிடுவீர்களா? வாசகர்கள் கடைக்குப் போகும்போது கையில் வைத்துக்கொள்ள உதவும். அதே பக்கத்தில், வெட்டிய செடிகளை ஏரி, குளங்களில் வீசக்கூடாது, காயவைத்துக் குப்பையில்தான் போட வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஆகாயத்தாமரை நீர்நிலைகளை மூடியிருப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்