நிரலைத் தூக்கிக்கொண்டு போகலாம், டிக்கெட்டை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் தொழில் இணைப்பிதழில், சிறு மென்பொருள் நிறுவனங்கள் கிட்ஹப் (மென்பொருள் நிரலைச் சேமித்துவைக்கும் இணையதளம்) வைத்துக்கொள்வதா, ஜிராவுக்கு (வேலைகளைப் பட்டியலிட்டுக் கண்காணிக்கும் கருவி) போவதா என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. இரண்டுக்கும் அட்டவணை போட்டு, டிக் வைத்து, மாதச் செலவையும் ஒப்பிட்டிருந்தீர்கள். படித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அந்த அட்டவணையை யாரோ வெட்டி எங்கள் அலுவலக டீ மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டார்கள், முதலாளி அதைப் பார்த்துவிட்டு "அப்போ ரெண்டுல ஒண்ணை நிறுத்திடலாமா?" என்று கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் நிரல் எழுதுபவள் இல்லை. கோவையில் ஏழு பேர் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் டெஸ்டிங் பார்க்கிறேன், வாடிக்கையாளர் போனையும் நான்தான் எடுக்கிறேன். நூல் மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் ஸ்டாக், பில்லிங் மென்பொருள் செய்துகொடுக்கிறோம். எங்களிடம் இரண்டுமே இருக்கின்றன. இரண்டில் எது என்று கேட்பது, மில்லில் குடோன் வேண்டுமா, சூப்பர்வைசர் கையிலிருக்கும் நோட்டு வேண்டுமா என்று கேட்பது மாதிரி இருக்கிறது. கிட்ஹப்பில் இருப்பது சரக்கு: எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்ற கணக்கு. ஜிராவில் இருப்பது சொன்ன சொல்: யாருக்கு எதை எப்போது முடித்துத் தருகிறோம், இப்போது அது யார் கையில் நிற்கிறது. அப்படி ஒரு வேலைக்குப் போடும் பதிவைத்தான் டிக்கெட் என்கிறோம்.

(ஜிரா என்றால் எங்கள் அம்மாவுக்கு இன்னும் குலாப் ஜாமூன் ஊறும் ஜீராதான். உண்மையில் அது காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான கோஜிராவில் முதல் எழுத்தை வெட்டி வைத்த பெயர். அதைச் செய்த சிட்னிக்காரர்கள் அதற்கு முன்பு பக் (மென்பொருள் பிழை) கணக்கு வைக்கும் பக்ஸில்லா என்ற கருவியைப் பயன்படுத்தி, அதைச் செல்லமாக கோஜிரா என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.)

குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு, ஒன்று மற்றொன்றின் வீட்டுக்குள் காலை நீட்டிவிட்டது. கிட்ஹப்பிலேயே இஷ்யூ (டிக்கெட் மாதிரிதான், பிழை அல்லது வேலைக் குறிப்பு) எழுதலாம், வேலைக்கொரு கார்டாக வைத்து நகர்த்தும் போர்டும் இருக்கிறது. ஜிராவின் அட்லாசியன் நிறுவனமோ 2010-லேயே பிட்பக்கெட்டை வாங்கி நிரல் வைக்கும் இடத்தையும் சேர்த்துக்கொண்டது. எங்கள் பையன்களுக்கு கிட்ஹப் இஷ்யூதான் பிடிக்கும். மாற்றத்தை அனுப்பும்போது 'ஃபிக்ஸஸ்' என்று எழுதி இஷ்யூ எண்ணைப் போட்டுவிட்டால், அந்த மாற்றம் முதன்மைக் கிளையில் (நிரலின் மூலப் பிரதியில்) சேர்ந்ததும் இஷ்யூ தானே மூடிக்கொள்ளும். அவர்களுக்கு அது சுகம், எனக்கு அதுவே தலைவலி. நிரல் சேர்ந்துவிட்டது என்பதும் மில்லில் பில் சரியாக வருகிறது என்பதும் ஒன்றா? போன வருடம் ஜிஎஸ்டி ரவுண்ட் ஆஃப் ஒரு பைசா தப்பாக வருகிறது என்ற இஷ்யூ வெள்ளிக்கிழமை மூடிவிட்டது. நானும் பட்டியலில் காணோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை காலை மில் கணக்கர் போனில் கிழிகிழியென்று கிழித்தார், ஏனென்றால் புது வெர்ஷனை அங்கே இன்னும் யாரும் போடவே இல்லை. தப்பு முழுக்க எங்களுடையது. 'முடிந்தது' என்பதற்கு எங்களிடம் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஜிராவில் தனியாக ஒரு வேலைப் பலகை வைத்தோம். எழுதியாச்சு, டெஸ்டிங்கில், வாடிக்கையாளரிடம் போட்டாச்சு, அவர் சரி என்றார் என்று நான்கே நிலைகள். கடைசி நிலைக்கு நான் மட்டும்தான் நகர்த்துவேன். ஜிரா போன்ற கருவிகளின் பலமே இப்படி நிலைகளை நாமே வகுத்துக்கொள்ளலாம் என்பதுதான். அவற்றின் வியாதியும் அதுவேதான். முன்பு நான் வேலை பார்த்த ஒரு பெரிய இடத்தில் பதினான்கு நிலைகள் வைத்திருந்தார்கள். திரையில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த மூன்று பேர் ஒப்புதல் தரவேண்டும், அதனால் எல்லோரும் முதலில் வேலையை முடித்துவிட்டு, மாதக் கடைசியில் உட்கார்ந்து கார்டுகளை மொத்தமாகத் தள்ளிவிடுவோம். அதற்காகக் கருவியைக் குறை சொல்லி என்ன செய்ய?

சரி, உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். செலவு என்று ஒரு பெரிய வரி போட்டிருக்கிறீர்கள். கிட்ஹப் 2020 ஏப்ரலிலிருந்து தனியார் ரெப்போவில் (வெளியாட்கள் பார்க்க முடியாத நிரல் கிடங்கில்) எத்தனை பேரை வேண்டுமானாலும் இலவசமாகச் சேர்க்க விடுகிறது. ஜிராவும் பத்துப் பேர் வரை இலவசம். எங்களை மாதிரி ஏழு பேருக்கு அந்த வரியில் இரண்டு பக்கமும் பூஜ்யம்தான் வரவேண்டும். அப்புறம், நம்மூர் ஜோஹோவும் ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ், ஸ்பிரின்ட்ஸ் என்று இரண்டு வைத்திருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நீங்கள் போட்டிருக்கவேண்டிய வரி வேறு: நாளைக்கு வெளியே போக நினைத்தால் எதை எடுத்துக்கொண்டு போகலாம்? இதில்தான் இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம். கிட்ஹப்புக்கு அடியில் இருந்து நிரல் மாற்றங்களின் கணக்கை வைக்கும் கிட் என்ற கருவி பிறந்ததே இப்படி ஒரு நெருக்கடியில்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலை எழுதுபவர்கள் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற அதே மாதிரிக் கருவியின் இலவச அனுமதி 2005-இல் போய்விட, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து தானே ஒன்றை எழுதினார். அதில் ரெப்போவை முழுதாக நகலெடுத்த ஒவ்வொருவர் கணினியிலும் மொத்த வரலாறும் இருக்கும். 2018-இல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியபோது பயந்தவர்கள் தங்கள் நிரலை அன்றைக்கே வேறிடத்துக்கு மாற்ற முடிந்தது அதனால்தான். டிக்கெட்டும் இஷ்யூவும் அப்படி வராது. அவை அந்தந்த நிறுவனத்தின் டேட்டாபேஸில் இருக்கின்றன. கிட்ஹப் இஷ்யூவும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ரெப்போவை நகலெடுத்தால் அது கூட வராது.

பெரிய திட்டங்களே இதில் திணறியிருக்கின்றன. பைத்தான் மொழியின் நிரல் 2017-இல் கிட்ஹப்புக்குப் போனது, பக் பட்டியல் போய்ச் சேர்ந்தது 2022-இல். தேடல் மென்பொருளான அப்பாச்சி லூசீன் ஜிராவை விட்டு கிட்ஹப்புக்கு வந்தபோது பழைய டிக்கெட்டுக்கெல்லாம் புது எண், ஆக ஒரே பக்குக்கு இரண்டு எண். ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் 2025-இல் நிரலை கிட்ஹப்புக்குக் கொண்டுபோனாலும் பக் கணக்கை இன்னும் பக்ஸில்லாவில்தான் வைத்திருக்கிறார்கள். சொந்தக் கணினியில் ஜிரா சர்வர் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கோ 2024 பிப்ரவரியோடு அதற்கான ஆதரவு நின்றது, இடம் மாறியே ஆகவேண்டிய நிலை.

எனவே தேர்வு செய்பவர்கள் முதலில் தலை எண்ணட்டும். நிரல் எழுதாத எத்தனை பேர் தினமும் அந்தப் பட்டியலைப் பார்க்கவேண்டியிருக்கிறது? யாரும் இல்லையென்றால் கிட்ஹப் இஷ்யூவே தாராளம், இன்னொன்று வேண்டாம். என்னை மாதிரி இரண்டு மூன்று பேர் இருந்தால் தனிப் பலகை வையுங்கள், ஆனால் நிரல் மாற்றத்தோடு எழுதும் ஒவ்வொரு கமிட் செய்தியிலும் டிக்கெட் எண்ணோடு ஏன் மாற்றினோம் என்று ஒரு வரியும் எழுதச் சொல்லுங்கள். டிக்கெட் போனாலும் அந்த வரி நிரலோடு வரும். எங்கள் பையன்கள் எண்ணை மட்டும் போட்டுவிட்டு அந்த ஒரு வரிக்குத்தான் அழுகிறார்கள்.

முதலாளியிடம் இப்போதைக்கு எதையும் நிறுத்தவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் அட்டவணை இன்னும் டீ மேஜைக்கு மேலேதான் இருக்கிறது, செலவு வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டேன். அடுத்த இதழில் நீங்களும் திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்