ட்ரம்மர் மாறினா பேண்டு முடிஞ்சுதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கெழம இணைப்புல வெளிநாட்டு ராக் பேண்டு பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்டு அயர்ன் மெய்டன்ல இத்தன நாள் காசுக்காக ஒட்டிட்டு இருந்த ட்ரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் ஒதுங்கிட்டாரு, இனிமே அது மெய்டனே கெடையாது, டிக்கெட் வெலையும் அநியாயம், மிச்சமிருக்கற பெருசுங்களும் பேரன் பேத்தியோட வீட்ல இருக்கலாம்னு எழுதினவர் முடிச்சுட்டாரு. கோத்தகிரில இதயெல்லாம் யார் படிக்கப் போறான்னு நெனச்சிருப்பீங்க, ஆனா எங்க டீக்கடைல அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் அந்த பேப்பர் கை மாறிட்டே இருந்துச்சு, ரெண்டு கட்சியா பிரிஞ்சு ஒரே சத்தம், கடைசில கடைக்காரர் டீ குடிக்காதவனெல்லாம் எந்திரிச்சு வெளிய போங்கன்னு சொல்ற அளவுக்கு போயிருச்சு.

இந்த மலைல ராக் கேக்கறவன் இன்னிக்கு நேத்து வந்தவன் இல்லீங்க. வெலிங்டன் பக்கம் இருந்த பட்டாளத்து வீட்டுப் பசங்க, லவ்டேல் ஸ்கூல்ல படிச்ச பசங்க, சர்ச்ல கிடார் வாசிச்சவங்க, இவங்க கிட்டருந்து கேசட் எறங்கி எறங்கி எங்க கைக்கு வரும், டிடிகே தொண்ணூறு நிமிஷ கேசட் வாங்கி ஒரு பக்கம் ஒரு ஆல்பம், இன்னொரு பக்கம் இன்னொரு ஆல்பம்னு ரெக்கார்டிங் கடைல பதிஞ்சு வாங்குவோம். பாடறவன் மூஞ்சி எப்படி இருக்கும்னே தெரியாது. அதனாலயோ என்னவோ எங்க செட்ல யாருக்கும் ஆள் மேல பெருசா பக்தி கெடையாது, சத்தம் மேலதான்.

நான் மைக்செட் வெச்சிருக்கறவன். கல்யாணம், படுகருங்களோட ஹெத்தை ஹப்பா பண்டிகை, சர்ச் பண்டிகை, கட்சிக் கூட்டம், ஆர்க்கெஸ்ட்ரா எல்லாத்துக்கும் போறவன். மேடைக்கு முன்னாடி நின்னு கை தட்டறவனுக்கு கேக்காத விஷயம் சத்தத்த கூட்டிக் கொறைக்கற மிக்சர் பக்கத்துல நிக்கறவனுக்கு கேக்கும், அந்த தைரியத்துலதான் எழுதறேன்.

மொதல்ல நிக்கோ விஷயம். மனுஷனுக்கு 2023 ஜனவரில பக்கவாதம் வந்துச்சு, வலது பக்கம் தோள்லருந்து கீழ வரைக்கும் வேலை செய்யல. எழுவது வயசு ட்ரம்மருக்கு வலது கை போச்சுன்னா என்ன மிச்சம்னு யோசிச்சுப் பாருங்க. பத்து வாரம் பயிற்சி எடுத்து தேறி அதே வருஷம் மே கடைசில டூர்ல போய் உக்காந்துட்டாரு, உக்காந்து முடிச்சதுக்கு அப்பறம்தான், ஆகஸ்ட்ல, இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு வெளிய சொன்னாங்க. ட்ரூப்பர் பாட்டுல குதிரை ஓடற மாதிரி போய்ட்டே இருக்கும்போது நடுவுல வேகமா ஒரு உருட்டு வரும், அத முன்ன மாதிரி என்னால வாசிக்க முடியலன்னு அவரே பேட்டில சொன்னாரு, வேற வழில சமாளிச்சு வாசிச்சாரு. அதுக்கப்பறம் 2024 டிசம்பர் 7 சாவ் பாலோல கடைசியா வாசிச்சுட்டு இனி டூர் வேண்டாம்னு எறங்கிட்டாரு. 72 வயசு. வெறுங்கால்ல பெடல் மிதிக்கற ஆளு, ஒத்தை பெடல்ல மத்தவன் ரெண்டு பெடல்ல பண்றத பண்ணுவாரு. இவர போய் காசுக்காக ஒட்டிட்டு இருந்தாருன்னு எழுத எப்படி மனசு வந்துச்சு?

அவரு எடத்துக்கு சைமன் டாசன் வந்தாரு, மெய்டன்ல பேஸ் கிடார் வாசிக்கற ஸ்டீவ் ஹாரிஸோட இன்னொரு பேண்டு பிரிட்டிஷ் லயன்ல வாசிச்சவர்தான், 2025 மே 27 புடாபெஸ்ட்ல மொத கச்சேரி. ஒடனே நம்மாளுங்க ஆரம்பிச்சுட்டாங்க, ஒரிஜினல் ட்ரம்மர் இல்ல, ஒரிஜினல் ட்ரம்மர் இல்லன்னு. அட நிக்கோவே ஒரிஜினல் இல்லீங்களே! அவர் வந்ததே 1982 கடைசில. அதுக்கு முன்னாடி மொத மூணு ஆல்பத்துல வாசிச்சது கிளைவ் பர். அவருக்கும் முன்னாடி வேற ஆளுங்க. கிளைவ் பருக்கு பின்னால நரம்பு நோய் வந்து சக்கர நாற்காலிக்கு வந்துட்டாரு, அப்ப மெய்டன்காரங்களே அவருக்காக கச்சேரி நடத்தி காசு சேத்துக் குடுத்தாங்க, 2013ல எறந்துட்டாரு. நிக்கோ வந்தப்பவும் எவனாவது ஒருத்தன் லண்டன்ல கிளைவ் இல்லாத மெய்டன் மெய்டனான்னு கேட்டுட்டுதான் இருந்திருப்பான். 1975 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆரம்பிச்ச பேண்டுல அன்னிலருந்து இன்னிக்கு வரைக்கும் இருக்கறது ஸ்டீவ் ஹாரிஸ் ஒருத்தர் மட்டுந்தான். நாம ஒரிஜினல்னு சொல்றது எல்லாமே நம்ம கேசட் வாங்கின வருஷத்துல இருந்த ஆளுங்க, அவ்ளோதான்.

ஒரிஜினல் ஆள் ஒருத்தர் இருந்தா போதும்னு நெனைக்கறவங்க டீப் பர்பிள்ங்கற இன்னொரு இங்கிலாந்து ராக் பேண்டு கதைய கேக்கணும். 1968ல அந்த பேண்டோட மொத பாடகர் ராட் எவன்ஸ், அடுத்த வருஷம் அவர மாத்திட்டு இயன் கில்லன கொண்டாந்தாங்க. 1976ல பேண்டு கலைஞ்சு போச்சு. 1980ல இந்த எவன்ஸ் நாலு தெரியாத ஆளுங்கள சேத்துக்கிட்டு டீப் பர்பிள்ங்கற பேர்லயே அமெரிக்கா, மெக்சிகோன்னு டிக்கெட் போட்டு கெளம்பிட்டாரு. போய் பாத்தவன் எல்லாம் கலாட்டா பண்ணி, கோர்ட்டுக்கு போய், 6,72,000 டாலர் அபராதம், மொத மூணு ஆல்பத்துக்கு வர வேண்டிய ராயல்டியும் போச்சு. மேடைல நின்னது ஒரிஜினல் பாடகர்தானே? ஆனா பேண்டு போலி. இன்னிக்கு இருக்கற டீப் பர்பிள்ல 1968ல இருந்தவர் ட்ரம்மர் இயன் பெய்ஸ் ஒருத்தர்தான், கிடாருக்கு இப்ப இருக்கற சைமன் மெக்பிரைடு 1979ல பொறந்தவர், பேண்டுக்கே அவர விட பத்து வயசு மேல. அவர் வந்ததும் சண்டைல இல்ல, அவருக்கு முன்னாடி கிடார் வாசிச்ச ஸ்டீவ் மோர்ஸ், மனைவிக்கு கேன்சர்னு 2022ல அவங்கள பாத்துக்க போயிட்டாரு. ஆனா யாரும் அத போலின்னு சொல்லல.

இப்ப என் தொழிலுக்கு வர்றேன், நான் சொல்ல வந்ததே இதுதான். ஆள் மாறினா பேண்டு கெடாது, வயசானாலும் கெடாது, கட்டை, அதாவது சுருதி, எறக்க மாட்டேன்னு அடம் புடிச்சா கெடும். ஆர்க்கெஸ்ட்ரால தெனமும் பாக்கறேன். இருபத்தஞ்சு வயசுல ரெண்டு கட்டைல பாடினவர் அறுபது வயசுலயும் ரெண்டு கட்டைலதான் பாடுவேன்னு நின்னா பல்லவி தாண்டறதுக்குள்ள தொண்டை பிசிறும், அப்பறம் என்னப் பாத்து எக்கோவ ஏத்துடா ஏத்துடான்னு சைகை காட்டுவாரு, எக்கோ ஏத்தினா பிசிறும் சேந்துதான் ரெண்டா கேக்கும். அதே வயசுல இன்னொருத்தர் வந்ததும் கீபோர்டு தம்பி கிட்ட போயி ஒரு கட்டை எறக்கிக்கோன்னு காதுல சொல்லிட்டு ஜம்முனு பாடிட்டு போவாரு. கீபோர்டுக்கு ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கு, பிரச்சன இல்ல, கிடாரிஸ்ட்தான் பாவம், கம்பிய தளத்தணும், டிசம்பர் உறைபனில வெரல் வெறைச்சுப் போய் ட்யூன் பண்றதுக்குள்ள கூட்டம் விசிலடிக்கும். அந்த கஷ்டத்த படணும்ங்க. ஒரு மனுஷன் தொண்டைக்கு மரியாதை குடுக்கறதுன்னா அதுதான்.

மெய்டன்லயே இதுக்கு உதாரணம் இருக்கு. பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1993ல போனதும் பிளேஸ் பெய்லி வந்தாரு, அவரு குரல் கீழ் ஸ்தாயி குரல், புரூஸ் மாதிரி மேல போற குரல் இல்ல. ஆனா மேடைல புரூஸ் பாட்டெல்லாம் அதே கட்டைல பாட வெச்சாங்க. பாவம் மனுஷன் திண்டாடினாரு, எல்லாரும் அவர திட்டினாங்க, 1999ல அனுப்பிட்டாங்க. அவருக்குன்னு அவரோட குரல்ல போட்ட சைன் ஆஃப் த கிராஸ் பாட்ட கேட்டுப் பாருங்க, அப்பறம் புரூஸ் திரும்பி வந்து அதயும் பாடினாரு, நல்ல பாட்டுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. தப்பு ஆள்ல இல்ல, கட்டைல. எங்க டீக்கடைல இத சொன்னா இன்னும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க, பிளேஸ் பேர எடுத்தாலே மூஞ்சிய திருப்பிக்கறாங்க.

டீப் பர்பிள் கில்லன பாருங்க. சைல்டு இன் டைம்னு 1970ல வந்த பாட்டு, பத்து நிமிஷத்துக்கு மேல போகும், நடுவுல அவரு கத்தற கத்து இருக்கே, அது மனுஷத் தொண்டையான்னு இருக்கும், பாடும்போது அவருக்கு 24 வயசு. இப்ப எண்பது ஆச்சு. இருபது வருஷத்துக்கு மேலயா அந்த பாட்ட மேடைல பாடறதே இல்ல. ரசிகனுங்க கேக்காமயா இருப்பாங்க? டிராக் போட்டுட்டு வாய அசச்சிருக்கலாம், ஒரு சின்னப் பையன பின்னால நிக்க வெச்சு கத்த விட்டிருக்கலாம். அதெல்லாம் பண்ணாம பாட்டையே விட்டுட்டாரு. ஜூடாஸ் பிரீஸ்ட் பேண்டு கிடாரிஸ்ட் கிளென் டிப்டனும் அப்படித்தான், பார்கின்சன் நோய்னு 2018ல வெளிப்படையா சொல்லிட்டு தன் எடத்துல ஆண்டி ஸ்னீப்ப வாசிக்க விட்டாரு, முடிஞ்ச ஊர்ல கடைசில வந்து ரெண்டு மூணு பாட்டு மட்டும் வாசிச்சுட்டுப் போனாரு. கை நடுக்கத்தோட அவர் வந்து நிக்கற வீடியோவ பாத்துட்டு எங்க செட்ல ஒருத்தன், வாய தொறந்தா கிண்டல் மட்டுமே பேசறவன், ஒண்ணும் பேசாம டீ கிளாச கழுவிட்டு இருந்தான்.

இதுக்கு நேர் எதிர் கிஸ்ங்கற அமெரிக்க பேண்டு. 2023 டிசம்பர் 2 நியூயார்க்ல கடைசி கச்சேரின்னு சொல்லி முடிச்ச கையோட ஸ்கிரீன்ல கம்ப்யூட்டர் பொம்மைங்கள காட்டி இனிமே நாங்க இப்படித்தான் வருவோம்னுட்டாங்க. பொம்மைக்கு வயசும் ஆகாது, சண்டை போட்டுட்டு வெளியவும் போகாது. உங்க கட்டுரையாளர் கேக்கற மாதிரி மாறாத பேண்டு வேணும்னா அதுதான் கெடைக்கும். அங்க மைக்செட்காரனுக்கு வேலை இருக்குமான்னுகூட எனக்கு சந்தேகம்.

இங்க கோத்தர் பழங்குடி ஊர்ல பண்டிகைக்கு போயிருக்கீங்களா? நாதசுரம் மாதிரி ஊதற கொள், அப்பறம் கொம்பு, பறை. கொள் ஊதறவங்க மூச்சு நிறுத்தாம ஊதணும், மூக்குல இழுத்துட்டே வாய்ல விடணும், வயசானா அது லேசுல முடியாது. பெரியவர் ஊதி களைச்சா பக்கத்துல இருக்கறவன் வாங்கி ஊதறான், பறைய தீல காட்டி சூடேத்தி இன்னொருத்தன் எடுத்துக்கறான், பெரியவரு பக்கத்துலயே உக்காந்து தப்பா ஊதினா மொறைக்கறாரு. இது போன வருஷ செட்டு இல்லன்னு ஒருத்தன் எந்திரிச்சுப் போய் நான் பாத்ததில்ல. எனக்கு அங்க மைக் வெக்க வேலையும் இல்ல, தேவையும் இல்ல, சும்மா கேக்கப் போறதுதான்.

ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரும் நம்ம இளையராஜாவும் 1943ல பொறந்தவங்க. ஒருத்தர் இதய வால்வு ஆபரேஷன் முடிச்சு மூணு மாசத்துக்குள்ள மேடைல ஆடினாரு, ஒருத்தர் 2025 மார்ச்ல லண்டன் போயி சிம்ஃபனி அரங்கேத்தினாரு. ராஜாவுக்கு கை தட்டினவனே ஜாகர கெழட்டுக் கூத்துன்னு சொல்றான், இது எந்த ஊர் நியாயம்? அதே சமயம் எஸ். ஜானகியம்மா போதும்னு முடிவு பண்ணி 2017ல மைசூர்ல கடைசி கச்சேரி பண்ணிட்டு நிறுத்திட்டாங்க, அதுவும் பெரிய விஷயம். லெட் செப்லின் பேண்டு ட்ரம்மர் ஜான் பான்ஹம் 1980 செப்டம்பர் 25ல செத்தப்ப மத்தவங்க அந்த வருஷமே பேண்டையே முடிச்சுட்டாங்க. (நம்ம எஸ்பிபி போனதும் அதே செப்டம்பர் 25, நாப்பது வருஷம் கழிச்சு.) நிறுத்தறதும் தொடர்றதும் அவங்கவங்க ஒடம்பும் மனசும் பொறுத்தது, டிக்கெட்டே வாங்காதவன் ரிட்டயர்மெண்ட் தேதி குறிக்கக் கூடாது.

ஒரு விஷயத்துல மட்டும் உங்க கட்டுரையாளர் பக்கம் நிக்கறேன், டிக்கெட் வெலை. பழைய பேர வெச்சு புது வெலை வாங்கறாங்க, மேடைக்கு பக்கத்துல நிக்கணும்னா தனி காசு, போட்டோவுக்கு தனி காசு. இத பத்தி ஒரு பக்கம் எழுதினா மொத ஆளா நான் வாங்கறேன்.

மெய்டன் 2007 மார்ச்ல பெங்களூர் பேலஸ் கிரவுண்டுக்கு வந்தப்ப இங்கருந்து வேன் புடிச்சுப் போனோம், நிக்கோ ட்ரம்ஸ் கோட்டைக்குள்ள ஆளே தெரியல, சத்தம் மட்டும் நெஞ்சுல அடிச்சுது. மறுபடி வந்தா டாசன் வாசிச்சாலும் போறதுதான்னு முடிவு பண்ணியாச்சு, எதிர்க்கட்சிக்காரனுங்களும் கடைசி நேரத்துல வேன்ல ஏறுவானுங்க, எனக்கு தெரியும். ஒண்ணே ஒண்ணு, அப்ப ராத்திரியோட ராத்திரியா பந்திப்பூர் காட்டு வழில திரும்ப முடிஞ்சுது, இப்ப ஒம்போது மணிக்கு கேட்ட மூடிட்டா காலைல ஆறு மணிக்குத்தான் தொறப்பாங்க. அதனால மைசூர்ல ரூம் போடறதா, இல்ல சேலம் சுத்தி வர்றதாங்கறதுலதான் இப்ப சண்டை நடந்துட்டு இருக்கு.

இப்படிக்கு,
மைக்செட்காரன்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்