பான் அம்மையாருக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய பான் அம்மையாருக்கு,

உங்கள் சொந்தப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பான் என்பது பிறந்த வீட்டுப் பெயர், ஜியேயூ என்பது பழைய சீனாவின் ஹான் பேரரசரின் அந்தப்புரத்தில் அரசரின் துணைவியாக உங்களுக்கு இருந்த பதவி. அதனால் இப்படித்தான் அழைக்க வேண்டியிருக்கிறது.

பேரரசர் செங் தன்னோடு பல்லக்கில் ஏறச் சொன்னபோது நீங்கள் மறுத்த கதை எல்லோருக்கும் தெரியும். பழைய ஓவியங்களில் நல்ல அரசர்களின் பக்கத்தில் அமைச்சர்கள் இருப்பார்கள், நாட்டைத் தொலைத்த அரசர்களின் பக்கத்தில்தான் ஆசை நாயகிகள் இருப்பார்கள் என்றீர்கள். மாமியாரான வாங் அரசமாதா அதைக் கேட்டு மெச்சினார். சரி, நல்ல பதில்தான். ஆனால் அன்று அரசருக்கு உங்கள் மேல் ஆசை இருந்தது. மறுப்பதால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை.

எனக்குப் பிடித்தது கி.மு. 18-இல் நீங்கள் சொன்ன பதில். நாட்டியக்காரி சாவ் ஃபெய்யென்னும் தங்கையும் அரண்மனைக்குள் வந்துவிட்டார்கள். மகாராணி சூவும் நீங்களும் அரசருக்குச் சூனியம் வைத்ததாக அவர்கள் பக்கமிருந்து புகார். மகாராணியின் பதவி பறிபோனது. பத்து வருடம் கழித்து அவருக்கு விஷமும் அனுப்பினார்கள். விசாரணையில் நீங்கள் அழவில்லை, காலில் விழவில்லை. "நல்லபடி நடந்தே எனக்கு ஒரு பாக்கியமும் வரவில்லை, கெட்டது செய்தா வரப்போகிறது? தெய்வங்களுக்கு அறிவு இருந்தால் துரோகியின் வேண்டுதலைக் கேட்காது. அறிவு இல்லையென்றால் வேண்டி என்ன பயன்?" என்று கேட்டீர்கள். பாம்பும் சாகவில்லை, தடியும் நோகவில்லை. சாவ் சகோதரிகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அரசர் மனமிளகி 100 ஜின் (பழைய சீன எடை அளவு) பொன் கொடுத்தார்.

பொன்னை நம்பி அங்கேயே இருக்காமல், அரசமாதாவுக்குப் பணிவிடை செய்கிறேன் என்று கேட்டு சாங்சின் அரண்மனைக்குப் போய்விட்டீர்கள். பிறந்த சில மாதங்களிலேயே இறந்த பிள்ளையையும், மண்டபத்துத் தூசியையும், படிக்கல்லில் படர்ந்த பாசியையும் பிறகு பாட்டாக எழுதினீர்கள். இலையுதிர்காலம் வந்ததும் பெட்டிக்குள் எறியப்படும் பட்டு விசிறிப் பாட்டையும் உங்கள் பேரில்தான் சொல்கிறார்கள். அது உங்களுடையதுதானா என்று அறிஞர்களுக்குச் சந்தேகம். அதைப் படித்துவிட்டு உங்களைப் பாவம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கி.மு. 7-இல் அரசர் செத்தார். கி.மு. 1-இல் ஃபெய்யென் தற்கொலை செய்துகொள்ள நேர்ந்தது. நீங்களோ அரசரின் சமாதியைக் கவனித்துக்கொண்டு, காலம் முடிந்ததும் அங்கேயே அடக்கமானீர்கள். கணக்குத் தெரிந்தவர் நீங்கள்.

இதையெல்லாம் எழுதி வைத்த வரலாற்றாசிரியர் பான் கூ உங்கள் தம்பியின் பேரன். வீட்டுப் பெருமை கொஞ்சம் கலந்திருக்கும், போகட்டும். அவரே ஓரிரு வரியில் கடந்துபோகும் ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் பணிப்பெண் லீ பிங்கை நீங்களே அரசரிடம் அனுப்பினீர்கள். அவளும் ஜியேயூ ஆனாள். அது அவளுக்குச் செய்த நன்மையா, உங்களுக்குத் தேடிக்கொண்ட பாதுகாப்பா? அனுப்பும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?