ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு வருவா?

அடியே செல்வி,

உன் வாய்ஸ் மெசேஜ மூணு தடவ கேட்டேன். முதல் தடவ உன் வீட்டு குக்கர் விசில்தான் காதுல விழுந்துச்சு, ரெண்டாவது தடவதான் நீ நடுவுல மூக்க உறிஞ்சுறது கேட்டுச்சு. போன் போட்டா ரெண்டு பேரும் அழுதுட்டு ஒண்ணும் பேசாம வச்சிருவோம், அதான் உக்காந்து டைப் பண்றேன். நான் எழுதுனா எப்புடி இருக்கும்னு உனக்குத் தெரியும், ஹாஸ்டல்ல லீவ் லெட்டரையே நாலு பக்கம் எழுதுனவ, பொறுத்துக்கோ.

இங்க எல்லாம் நல்லாருக்கு. சின்னவ கோயம்புத்தூர்ல செகண்ட் இயர், மெஸ்ல சாம்பார் தண்ணியா இருக்குன்னு தினமும் போட்டோ அனுப்புறா. அவரு ரிட்டயர் ஆனதுலேருந்து கொய்யா மரத்துக்குக் காவல் இருக்காரு, அணில்கூட சண்ட. எனக்கு பிளஸ் டூ அக்கவுண்டன்சி இன்னும் ரெண்டு பாடம் பாக்கி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மார்புல கேன்சர் கட்டி, மார்ப மொத்தமா எடுக்கணும்னு சொல்லிட்டாங்க, திரும்ப உருவாக்க ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் சொல்லுன்னு கேட்டிருந்த. முதல்ல ஒண்ணு கேக்குறேன், மொத்தமா எடுத்தே ஆகணும்னு சொன்னது ஒரு டாக்டரா, ரெண்டு பேரா? கட்டிய மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் குடுத்தா போதும்னு நிறைய பேருக்கு முடியுது இப்ப. எனக்கு ரெண்டு மூணு இடத்துல இருந்துச்சு, அதனால வேற வழி இல்ல. உனக்கு ஒரே இடம்னுதான சொன்ன? அத இன்னொரு ஆன்காலஜி சர்ஜன்கிட்ட, அதான் கேன்சர் ஆபரேஷன் பண்றவர்கிட்ட, காட்டிட்டு அப்புறம் பிளாஸ்டிக் சர்ஜனப் பத்தி யோசி.

எடுத்துதான் ஆகணும்னா, திரும்ப உருவாக்கணுமா வேணாமாங்கறது உன் இஷ்டம். எங்க ஸ்கூல்ல தமிழ் டீச்சர் ஒண்ணும் செஞ்சுக்கல, புடவைய நல்லா இழுத்துப் போத்திட்டு ஜம்முனு இருக்காங்க, கேட்டா "எனக்கு ஒரு ஆபரேஷனே ஜாஸ்தி டீச்சர்"ங்கறாங்க. அதுவும் சரிதான். நான் ஒன்றர வருஷம் எடுத்த இடத்துல கடுகு வச்சு ஓட்டுனேன். சிரிக்காத. பஞ்சு மட்டும் வச்சா கனம் இல்லாம மேல ஏறிருது, அதான் பழைய காட்டன் துணியில பை தைச்சு நடுவுல கடுகு ரெண்டு கைப்பிடி. ஒருநாள் டிரையல் பேலன்ஸ் போர்டுல எழுதிட்டு இருக்கேன், கைய தூக்கித் தூக்கி எழுதுனதுல பை கழுத்துக்கிட்ட வந்துருச்சு, தையல் வேற விட்டுப்போய் கடுகு பொலபொலன்னு ஜாக்கெட்டுக்குள்ள இறங்குது. பசங்க பாக்கல. பாத்திருந்தாலும் பரவால்லன்னு இப்ப தோணுது, அன்னிக்கு ஸ்டாஃப் ரூம் பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். அன்னிக்குதான் முடிவு பண்ணேன். என் மாமியார் "அம்பது வயசுல யாரு பாக்கப்போறா"ன்னாங்க. நான் பாக்குறேன்ல அத்த, தினமும் குளிக்கிறப்ப நான்தான பாக்குறேன்னேன். அதோட பேச்ச விட்டுட்டாங்க.

நீ கேட்டது "நல்ல பிளாஸ்டிக் சர்ஜன் பேரு ஒண்ணு சொல்லு". பேர இதுல எழுத மாட்டேன், நீ இத அப்படியே உன் அண்ணிக்கு ஃபார்வர்ட் பண்ணுவன்னு எனக்குத் தெரியும். நேர்ல சொல்றேன். ஆனா நான் பாத்த மூணு பேரையும் சொல்றேன், எப்படி முடிவெடுத்தேன்னு உனக்குப் புரியும்.

மொதல்ல போனது சென்னையில ஒரு கிளினிக். ராக்ஃபோர்ட் ரயில்ல ராத்திரி முழுக்க தூங்காம போயி, உள்ள நுழைஞ்சா கல்யாண மண்டபம் மாதிரி ஏசி, சுவரெல்லாம் முடி நடுற விளம்பரம், தொப்ப கரைக்கிற விளம்பரம். ரிசப்ஷன் பொண்ணு "என்ன பேக்கேஜ் மேம்"னா. டாக்டர் அஞ்சு நிமிஷம்தான் பாத்தாரு, சிலிகான் இம்ப்ளான்ட், அதான் சிலிகான் அடைச்ச பை, வச்சிரலாம், ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்னாரு. எனக்கு ரேடியேஷன் குடுத்துருக்காங்களேன்னு கேட்டேன், அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னாரு. ஆகும் செல்வி. ரேடியேஷன் பட்ட தோலு இறுகிப் போயிருக்கும், இம்ப்ளான்டச் சுத்தி உடம்பு ஒரு உறை கட்டும், அது சுருங்கி கல்லு மாதிரி ஆகுறதும் புண்ணு ஆறாம போறதும் ரேடியேஷன் வாங்குனவங்களுக்கு ரொம்ப அதிகம். அதுவும் போக இம்ப்ளான்ட் ஆயுசுக்கும் வர்றது இல்ல, பின்னாடி எப்பயாவது மாத்த வேண்டி வரும். 2019-ல அலர்கன் கம்பெனி சொரசொரப்பா இருக்குற வகைய உலகம் முழுக்கத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க, அதச் சுத்தி அபூர்வமா லிம்போமாங்கற ஒருவகை கேன்சர் வந்துச்சுன்னு. இம்ப்ளான்ட்டே தப்புன்னு சொல்லல, ரேடியேஷன் இல்லாதவங்களுக்கு, ஒல்லியா இருக்குறவங்களுக்கு நல்லாவே அமையுது, ஆபரேஷனும் சின்னது. ஆனா எனக்கு எது சரின்னு பாக்காம கையில இருக்குறத நீட்டுற டாக்டர் வேணாம்னு வந்துட்டேன்.

இதுல ஒரு கூத்து தெரியுமா. முதல் சிலிகான் இம்ப்ளான்ட் 1962-ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல டிம்மி ஜீன் லிண்ட்சேங்கற பொம்பளைக்கு வச்சாங்க. அவ வந்தது பச்ச குத்துனத எடுக்கறதுக்கு. டாக்டருங்க இத வச்சுக்கறியான்னு கேட்டப்ப, எனக்கு நீட்டிக்கிட்டு இருக்குற காதத்தான் சரி பண்ணணும்னாளாம்! அதையும் சேத்துப் பண்ணித் தர்றோம்னு சொல்லி வச்சு விட்டாங்க. தூக்கம் வராத ஒரு ராத்திரி படிச்சது இது, அந்த கிளினிக் ஞாபகம்தான் வந்துச்சு.

ரெண்டாவது ஆளு நம்ம திருச்சியிலயே. வயசானவரு. முதுகுச் சதையை அக்குள் வழியா முன்னாடி திருப்பி வச்சு செய்யறது அவரு நிறைய செஞ்சிருக்காரு, ரத்தக்குழாய அறுக்காம அப்படியே திருப்புறதால ஆபரேஷன் நேரமும் கம்மி, ஆபத்தும் கம்மி. என்ன வேல பாக்குறீங்கன்னு கேட்டாரு, டீச்சர்னதும் எந்தக் கையில எழுதுவீங்கன்னாரு. எனக்கு எடுத்தது வலது பக்கம், எழுதுறதும் வலது கைதான். முதுகுல அந்தத் தசைய எடுத்தா முக்கால்வாசி பேருக்கு நாள்பட சரியாயிரும், ஆனா நாள் முழுக்க கைய தூக்குற வேலைன்னா யோசிச்சுக்கங்கம்மா, வயித்துலேருந்து எடுக்குறது உங்களுக்கு நல்லது, ஆனா அத நான் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுக்கு மேல செய்யறது இல்ல, செய்யறவங்ககிட்ட போங்கன்னு லெட்டர் குடுத்தாரு. ஃபீஸும் வாங்கல. மூணு பேருல என் மனசுல நிக்கிறது இந்த மனுஷன்தான், இவரு என்னைத் தொடக்கூட இல்ல.

மூணாவது ஆளுகிட்டதான் செஞ்சுக்கிட்டேன். டீப் ஃப்ளாப்னு பேரு, தொப்புளுக்குக் கீழ இருக்குற தோலையும் கொழுப்பையும் அதோட ரத்தக்குழாயோட எடுத்து நெஞ்சுல வச்சு, அங்க இருக்குற குழாயோட மைக்ராஸ்கோப் வழியா தைக்கிறாங்க. குழாய் ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான், நூலு தலமுடியவிட மெலிசு. முன்னாடியெல்லாம் வயித்துத் தசையவும் சேத்து எடுப்பாங்க, பின்னாடி வயிறு பிதுங்கும், குடலிறக்கம் வரும். இதுல தசைய விட்டுர்றாங்க. சிசேரியன் தழும்பு இருக்கே முடியுமான்னு பயந்தேன், முன்னாடியே சி.டி. ஆஞ்சியோ எடுத்து குழாய் எங்கெங்க வருதுன்னு பாத்துட்டு முடியும்னாங்க. உனக்கும் ரெண்டு சிசேரியன், அதனால பயப்படாத.

அந்த டாக்டர் சொன்னதுதான் நான் உனக்குச் சொல்ல நெனக்கிறது. எத்தன செஞ்சிருக்கீங்கன்னு கேட்டேன், சொன்னாரு. எத்தன போச்சுன்னு கேட்டேன், கோவப்படாம அதையும் சொன்னாரு. நல்லா பழகுன இடத்துலயும் நூத்துல ஒண்ணு ரெண்டு ஒட்டாம போகும்மா, வயித்த ஒரு தடவதான் எடுக்க முடியும், திரும்ப அங்கேருந்து எடுக்க முடியாதுன்னாரு. அப்புறம், "எட்டு மணி நேரம் நான் தைச்சுட்டு வீட்டுக்குப் போயிருவேன், அதுக்கப்புறம் ரெண்டு நாளு உங்கள காப்பாத்தப் போறது ராத்திரி டியூட்டி பொண்ணுங்கதான், வார்டப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க"ன்னு ஒரு ஆளக் கூட அனுப்பிச்சாரு. போய் பாத்தேன். ஒரு பேஷன்ட் படுத்துருக்காங்க, சிஸ்டர் டார்ச் அடிச்சு கலர் பாத்து, வெரலால அழுத்தி எவ்வளவு நேரத்துல திரும்ப சிவக்குதுன்னு எண்ணி, பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவிய வச்சு ரத்தம் ஓடுற சத்தம் கேட்டு, சார்ட்டுல எழுதுறா. ஒவ்வொரு மணி நேரமும். நான் இருந்த ஒன்றர மணி நேரத்துல ரெண்டு தடவ வந்தா. அங்கதான் முடிவு பண்ணேன்.

நல்ல வேள பண்ணேன். எனக்கு முதல் நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், மார்த்தாண்டத்துப் பொண்ணு ஒண்ணு டியூட்டி, டாப்ளர வச்சா, ஷூக் ஷூக்னு சத்தம் வருது, எனக்கு நிம்மதி. அவ போகல. டார்ச்ச கிட்ட கொண்டுவந்து பாத்தா, அழுத்துனா, திரும்ப அழுத்துனா, "அக்கா கொஞ்சம் கரு நீலமா தெரியுது, நான் டாக்டர கூப்பிடுறேன்"னா. ரத்தம் உள்ள போகுது, வெளிய வர்ற சிரைக்குள்ள அடைச்சிருந்துருக்கு. பத்து நிமிஷத்துல ஜூனியர் டாக்டர் செருப்பு மாத்தி போட்டுக்கிட்டு ஓடி வந்தாரு, நாலு மணிக்கு நான் திரும்ப தியேட்டர்ல. விடிஞ்சிருந்தா எல்லாம் போயிருக்கும். அந்தப் பொண்ணு "எனக்கு சரியா தெரியல, காலையில பாப்போம்"னு நெனச்சிருந்தா என்ன பண்ண முடியும்.

அதனால நீ எந்த டாக்டர்கிட்ட போனாலும் கேளு, ராத்திரி ரெண்டு மணிக்கு வச்ச இடம் கருத்துப் போச்சுன்னா யாரு வருவா, எவ்வளவு நேரத்துல வருவா, தியேட்டர் திறக்குமா. பதில் தயங்குச்சுன்னா எந்திரிச்சு வந்துரு. எம்.சி.ஹெச். இல்லன்னா டி.என்.பி. (இப்ப டி.ஆர்.என்.பி.ன்னு பேரு) பிளாஸ்டிக் சர்ஜரி படிச்சிருக்காங்களான்னு முதல்ல பாத்துக்கோ, காஸ்மெட்டிக்னு போர்டு வச்சவங்க எல்லாரும் அது படிச்சவங்க இல்ல. செலவு கைய மீறுதுன்னா சென்னை ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில விசாரி, அறுந்து போன கைய ஒட்டுறதுல பேரெடுத்த இடம் அது, கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியும் அதுல பேரெடுத்ததுதான், ஆனா அது பிரைவேட். அங்க தைக்கிறதும் இதே மாதிரி மெலிசான குழாய்தான்.

இன்சூரன்ஸ்ல எனக்கு முதல்ல ரிஜெக்ட் பண்ணாங்க, காஸ்மெட்டிக்னு ஒரே வார்த்த. இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்துற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல போட்ட விதியில காஸ்மெட்டிக், பிளாஸ்டிக் சர்ஜரிக்குக் கிடையாதுன்னுதான் இருக்கும், ஆனா விபத்து, தீக்காயம், கேன்சர் இதுக்கு அப்புறம் சரி பண்றதுக்கு அது பொருந்தாதுன்னு அதே வரியில இருக்கு. உன் ஆன்காலஜி டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி, அந்த வரிய அடிக்கோடு போட்டு அனுப்பு. நான் அக்கவுண்டன்சி டீச்சர்டி, விடுவேனா.

அப்புறம் உணர்ச்சி திரும்ப வரும்னு யாரும் அடிச்சுச் சொன்னா நம்பாத. எனக்கு ஓரத்துல மட்டும் லேசா இருக்கு, நடுவுல மரத்துப் போனதுதான். இடுப்பு வலிக்கு வச்ச சுடுதண்ணி பைய நெஞ்சு மேல வச்சுட்டு தூங்கிட்டேன் ஒரு தடவ, கொப்புளம் வந்தப்பதான் தெரிஞ்சுது. கேன்சருக்குப் போடுற டமாக்ஸிஃபென் மாத்திரையால ரத்தம் உறையலாம்னு ஆபரேஷனுக்கு முன்னாடி நிறுத்தச் சொன்னாங்க, நீயா நிறுத்தாத, கேட்டு நிறுத்து. உனக்கு சுகர் வேற. கல்யாண சீசன்னு சொல்லி மைசூர்பாக்க அள்ளிப் போட்டுக்காத.

உன்னோடதுல ரேடியேஷன் வருமா வராதான்னு இன்னும் சொல்லலல? அதக் கேட்டுட்டுதான் உடனே செய்யறதா, ரேடியேஷன் முடிஞ்சு குறைஞ்சது ஆறு மாசம் கழிச்சு செய்யறதான்னு பேசணும். அவசரப்படுத்துனா பதில் சொல்லாத, நான் வர்ற வரைக்கும் இரு.

செவ்வாய்க்கிழமை எனக்கு லோக்கல் ஹாலிடே. ஆறு மணி பஸ்ஸுல கிளம்பிர்றேன், ஒன்பது மணிக்குள்ள உன் வீட்ல இருப்பேன், இட்லி ஊத்தி வை. முன்னாடி பட்டன் வச்ச ஜாக்கெட் போட்டுக்கோ, ஸ்கேன் பிலிம் எல்லாத்தையும் தேதிப்படி அடுக்கி வை. கேள்வி நோட்டு ஒண்ணு வச்சிருக்கேன், என்னோட பழசுதான், பின்பக்கம் காலியா இருக்கு. கொய்யா கொண்டாறேன், அணில் விட்டு வச்சா.

உன்
சுகந்தி