அந்த அம்மாவின் குரலைத் திருப்பிக் கொடுங்கள்: கலைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் கலைக்குழுவில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவில் என்ன நடந்தது என்று நான் விவரிக்க வேண்டியதில்லை, நீங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தீர்கள். அமெரிக்காவில், இந்த ஜார்ஜியாவில் இத்தனை வருடம் வாழ்கிறோம், இந்த மண்ணின் பாட்டும் ஒன்று மேடையில் வரட்டும் என்று நீங்கள் கேட்டபோது மனசார மகிழ்ந்து சேக்ரட் ஹார்ப் என்ற, வாத்தியமே இல்லாமல் நான்கு குரலில் பாடும் பழைய கிறிஸ்தவப் பாட்டைப் பாடுகிறவர்களைக் கூட்டிவந்தது நான்தான். அதனால்தான் போன வாரம் நீங்கள் வெளியிட்ட வீடியோவைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. பதினான்கு பேர் தொண்டை திறந்து பாடிய பாட்டைச் சுருதி திருத்தி, எதிரொலி சேர்த்து, காலால் தட்டும் தாளத்தை எடுத்துவிட்டு, ஏதோ விளம்பரத்துக்குப் பின்னால் ஓடும் இசை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். அன்றைக்கு மண்டபத்தில் பதிவான ஒலியை, கை வைக்காமல், அப்படியே வெளியிடுங்கள்.

இவர்கள் எப்படிப் பாடுவார்கள் என்று இரண்டு பக்கம் முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தேன். நாற்காலிகளைச் சதுரமாக, உள்பக்கம் பார்க்கிற மாதிரி போட வேண்டும். ட்ரெபிள், ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று பக்கத்துக்கு ஒரு குரல். பாட்டை நடத்துகிறவர் நடுவில் நிற்பார், ஆளுக்கொரு பாட்டு என்று முறை மாறிக்கொண்டே இருக்கும். பார்வையாளர் என்று ஒருவர் கிடையாது, கைதட்டலும் கிடையாது, வந்தவர்கள் எல்லோரும் பாடுகிறவர்கள். நீங்கள் அவர்களைச் சபையைப் பார்த்து இரண்டு வரிசையில் நிறுத்தினீர்கள். எதிரில் இருப்பவர் குரலைக் கேட்டுக் கேட்டுப் பாடுகிற பாட்டு அது. அப்புறம் ஃபா, சோல், லா என்று பாடுவது ஒத்திகை மாதிரி இருக்கிறது, நேரமில்லை, நேராக வரிகளுக்குப் போங்கள் என்றீர்கள். முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, வைரம் மி என்று புத்தகத்தில் ஸ்வரங்கள் அச்சான வடிவத்தைப் பார்த்து ஒரு முறை பாடிவிட்டுத்தான் அவர்கள் சொற்களுக்கு வருவார்கள். நம் பிள்ளைகள் கீதம் படிக்கும்போது முதலில் ஸ்வரம், அப்புறம் சாகித்யம் என்றுதானே பாடுகிறார்கள்? மற்ற யாரையும் விட நமக்குத்தான் இது சட்டென்று புரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் கூட விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது வேறு.

ட்ரெபிளில் முன்னால் நின்ற அம்மாவுக்கு வயது எண்பத்திரண்டு. அறுபது மைல் காரில் வந்தார். நடுவில் நின்ற அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதில் முதல் பாட்டை நடத்தியவர். முதல் பாட்டு முடிந்ததும் உங்கள் ஒலிக்காரர் மேடைக்கு வந்து, எல்லோர் முன்னாலும், "கொஞ்சம் பின்னால் போய் நில்லுங்கள், உங்கள் குரல் மட்டும் குத்துகிறது" என்றார். அந்த அம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னால் போனார். அடுத்த இரண்டு பாட்டிலும் அவர் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. திரும்பும்போது என் காரில்தான் இருந்தார். ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், ஊர் நெருங்கும்போது, "நான் தப்பாகப் பாடிவிட்டேனா?" என்று கேட்டார். எழுபத்தாறு வருடமாகப் பாடுகிறவர். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் குரல் குத்தத்தான் செய்யும். ராகம் இங்கே மேல் குரலில் இல்லை, டெனரில் இருக்கிறது. மற்ற மூன்று குரலும் அதற்குத் துணை என்று ஒதுங்கி நிற்பதில்லை, ஒவ்வொன்றும் தன் வழியில் நடக்கிறது. டெனரிலும் ட்ரெபிளிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே பாடுவார்கள். பியானோ இல்லை, ஆர்கன் இல்லை, சுருதிப்பெட்டி கூட இல்லை, ஒருவர் தன் காதை நம்பிச் சுருதி எடுத்துக் கொடுப்பார். பலகைச் சுவரும் பலகைத் தரையுமாக இருக்கும் சின்ன ஆலயத்தில் இத்தனை பேர் முழுத்தொண்டையில் பாடும்போது நாற்காலியே அதிரும். நான் முதல் தடவை போனபோது உனக்குப் பாட வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கையில் புத்தகத்தைக் கொடுத்து நடுவரிசையில் உட்காரவைத்தார்கள், மதியம் மரத்தடி மேஜையில் தட்டு நிறையச் சோறு போட்டார்கள்.

பட்டிக்காட்டுப் பாட்டு, நேர்த்தி இல்லை என்று இவர்களிடம் சொல்வதில் நீங்கள் முதல் ஆள் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் லோவல் மேசன் போன்ற நகரத்து இசை ஆசிரியர்கள் ஐரோப்பியப் பாணிதான் சரியான இசை என்று பள்ளிக்கும் ஆலயத்துக்கும் கொண்டுபோனார்கள், வடக்கில் இந்தப் பாட்டு ஒதுங்கிப்போனது. தெற்கில் விவசாயிகள் விடவில்லை. ஜார்ஜியாக்காரர்களான பி. எஃப். வைட்டும் ஈ. ஜே. கிங்கும் 1844இல் கொண்டுவந்த 'தி சேக்ரட் ஹார்ப்' என்ற பாட்டுப் புத்தகம், திருத்தங்களோடு 2025 பதிப்பு வரைக்கும் வந்திருக்கிறது. அலபாமாவின் ஓசார்க் பக்கம் கறுப்பின மக்கள் 1934இல் தங்களுக்கென்றே ஒரு புத்தகம் போட்டுப் பாடினார்கள். 1959இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அலபாமாவின் ஃபைஃப் ஊரில் எடுத்த ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள், அந்த அம்மா மாதிரி குரல்கள் அதில் நிறைய இருக்கின்றன. அதை இன்றைக்கும் உலகம் முழுக்கக் கேட்கிறார்கள்.

நம் ஆட்களிடமும் இதைத்தானே செய்கிறோம்? கும்மியடிக்கிற பெண்களை மேடையேற்றி, ஒரே நிறத்தில் சேலை கட்டவைத்து, கீபோர்டு சேர்த்து, குரலைக் குறைக்கச் சொல்கிறோம். வயலில் நின்று அடுத்த வயலுக்குக் கேட்கப் பாடிய தொண்டையை மைக்குக்குள் அடங்கச் சொன்னால் அது எங்கே போகும்? ஒப்பாரிக்கும் பின்னணி இசை போடுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. சரி, அதைத் தொடங்கினால் இந்த மடல் முடியாது.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, நிகழ்ச்சி நன்றாக அமைய வேண்டும் என்றுதான் உழைத்தீர்கள், அது எனக்குத் தெரியும். அதனால்தான் கோபத்தோடும் உரிமையோடும் கேட்கிறேன். இப்போது இருக்கும் வீடியோவை எடுத்துவிட்டு, திருத்தாத ஒலியோடு மறுபடி போடுங்கள். முதல் பாட்டில் அந்த அம்மாவின் குரல் முழுசாக இருக்கிறது, அந்த ஒரு பாட்டாவது போதும். இன்னொரு தடவை அழைப்பதாக இருந்தால் நாற்காலியைச் சதுரமாகப் போடுங்கள், மைக்கை ஓரமாக வையுங்கள். அவருக்கு இரண்டு வரி எழுதினால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை அவர்கள் ஆலயத்தில் பாடுகிறார்கள். ட்ரெபிள் முன்வரிசையில் வழக்கமான இடத்தில் அவர் வந்து உட்காருவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னால் அந்த ஒலிப்பதிவு வெளியே வந்துவிட்டால் நல்லது. தயவுசெய்து.

அன்புடன்,
டெனர் பக்கம் பின்வரிசையில் பாடும் உங்கள் உறுப்பினர்