கையில் நிற்கும் பணத்துக்கு வரி போடுங்கள்: ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜிஎஸ்டி கவுன்சில் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

குதிரைப் பந்தய மைதானத்தில் லைசென்ஸ் வாங்கி ஸ்டால் நடத்தும் சிறு புக்மேக்கர் நான்; பந்தயப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஜெயித்தவர்களுக்குப் பணம் கொடுப்பது என் தொழில். 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத்தின் மீதான ஜிஎஸ்டி வரி 28-லிருந்து 40 சதவீதம் ஆனதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. அந்த வரி ஸ்டாலில் வந்து எப்படி இறங்குகிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை, பல வருஷமாக என்னிடமே டிக்கெட் வாங்கும் பெரியவர் ஒருவர் வந்தார். அந்த ரேஸில் ஃபேவரைட் குதிரைக்கு, அதாவது ஜெயிக்கும் என்று பலரும் நம்பும் குதிரைக்கு, ரூபாய்க்கு 40 பைசா விலை; ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் மேலே 40 பைசா. 1000 ரூபாய்க்கு டிக்கெட் கேட்டார். வரியோடு 1400 என்றேன். குதிரை ஜெயித்தால் எவ்வளவு வரும் என்றார். கட்டிய 1000, மேலே 400, ஆக 1400.

"அப்போ ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுமில்லையா, தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. பணத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போய் செல்போனை எடுத்தார். யாரைக் கூப்பிட்டிருப்பார் என்று அந்த மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். லைசென்ஸ் இல்லாத புக்கியிடம் ரசீது கிடையாது, வரி கிடையாது. குதிரை வந்தால் 400 ரூபாய் முழுசாகக் கைக்கு வரும். அந்தப் பந்தயத்தில் எனக்கும் ஒரு பைசா வரவில்லை, அரசுக்கும் வரவில்லை. இப்படி ஒவ்வொரு ரேஸ் நாளும் ஆட்கள் குறைகிறார்கள். என் ஸ்டாலில் கணக்கு எழுதிய பையனை இரண்டு மாதம் முன்பு நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

எங்களிடம் வரும் பந்தயப் பணத்தில் பெரும்பகுதி ஜெயித்தவர்களுக்கே திரும்பிப் போகிறது. மிஞ்சுவதில்தான் ஸ்டால் கட்டணமும் ஆள் கூலியும். கையைக் கடிக்கிற நாளும் உண்டு. அந்த மிச்சத்துக்கு வரி போடுங்கள், கட்டுகிறோம். கைமாறிப் போகிற முழுத்தொகைக்கும் போடாதீர்கள்.

2023 ஆகஸ்டில் உங்கள் கவுன்சிலே கேசினோவுக்கு ஒரு வழி செய்து கொடுத்தது. அங்கே பணம் கட்டி, ஆட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் சிப்ஸ் என்ற வில்லைகளை வாங்கும்போது ஒரு தடவை வரி, அப்புறம் ஜெயித்த பணத்தைத் திரும்ப வைத்தால் அதற்கு வரி இல்லை. எங்களுக்கு அது வரவில்லை. ஜிஎஸ்டி விதி 31ஏ-படி ஒவ்வொரு டிக்கெட்டின் முழு முகமதிப்புக்கும், அதாவது கட்டிய பந்தயத் தொகை முழுவதுக்கும், வரி. ஒருவர் 1000 ரூபாயோடு வருகிறார் என்று வையுங்கள். அதில் வரி 286 போக 714-க்குத்தான் டிக்கெட். ஒன்றுக்கு ஒன்று விலையில் ஜெயித்து 1428 கைக்கு வருகிறது. அதை அப்படியே அடுத்த ரேஸில் வைத்தால் இன்னும் 408 வரி. அவர் கொண்டுவந்தது 1000, இரண்டே ரேஸில் வரி 694. கேசினோவுக்குத் தெரிந்த நியாயம் ரேஸ் கோர்ஸுக்கு ஏன் இல்லை?

இது போதாதென்று, ஜெயித்த தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் டிடிஎஸ் வேறு, அதாவது பணம் கைக்கு வரும் முன்பே பிடித்துக்கொள்ளும் வருமான வரி. சூதாட்டக்காரர்கள்தானே, கட்டட்டும் என்று சிலர் நினைக்கலாம். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே, மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இருந்தும் எங்களை லாட்டரியோடு ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள். அது எங்கள் மனதை உறுத்துகிறது. லாயத்தில் விடியற்காலையில் குதிரை தேய்த்துவிடுகிறவனின் கூலியும் இந்தப் பந்தயப் பணத்திலிருந்துதான் வருகிறது.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது புதிதல்ல. பிரிட்டனில் 2001-லேயே பந்தயத் தொகை மீதான வரியை எடுத்துவிட்டு, புக்மேக்கரின் மொத்த லாபத்தில் 15 சதவீதம் என்று மாற்றினார்கள். அந்த விகிதமே வேண்டும் என்று கேட்கவில்லை. விகிதத்தை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் எதன் மீது வரி என்பதை மாற்றுங்கள். அது உடனே முடியாது என்றால், ஜெயித்த பணத்தைத் திரும்ப வைக்கும்போது வரி இல்லை என்ற கேசினோ ஏற்பாட்டையாவது எங்களுக்கும் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் விதி 31ஏ-வையும் சேர்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்களில் யாரையாவது அழைத்தால் கணக்குப் புத்தகத்தோடு வந்து காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
லைசென்ஸ் பெற்ற சிறு புக்மேக்கர் ஒருவன்