எந்த நாட்டுப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருச்சியில் கைப்பேசிப் பழுது பார்க்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். காலையில் கடையைத் திறந்ததும் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன். நம் நாட்டில் இன்னும் விற்பனைக்கே வராத கைப்பேசிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதை வாங்கலாம் என்று சொல்லும் கட்டுரைகள் அந்தப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. அவற்றை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்கள் பலர். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

2024 நவம்பர் இரண்டாம் வாரத்தில், திருமண வீடுகளில் வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் வந்தார். கோடு போட்ட நோட்டுத் தாளில் மூன்று கட்டங்கள் வரைந்து, ரியல்மி ஜிடி 7 புரோ, ஐக்யூ 13, ஒன்பிளஸ் 13 ஆகிய மூன்றின் விவரங்களையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார். மூன்றிலும் ஸ்னாப்டிராகன் 8 எலைட் என்ற ஒரே சிப்தான் என்பதால் வேகத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேட்டரி வரிசையில் மட்டும் 6500 என்ற எண்ணைச் சிவப்பு மையால் இரண்டு முறை வட்டமிட்டிருந்தார். அதிகாலை முகூர்த்தத்தில் தொடங்கி இரவு வரவேற்பு முடியும்வரை கைப்பேசியைக் கீழே வைக்க முடியாத தொழில் அவருடையது. பேட்டரி நின்றால் அன்றைய கூலியும் நின்றுபோகும். “அண்ணே, சீட்டு எடுத்துட்டேன். அறுபதாயிரம் கையில இருக்கு. இது வந்ததும் வாங்கிடறேன்” என்றார்.

அவர் போட்ட கணக்கில் தவறே இல்லை. அந்த மூன்று கைப்பேசிகளும் அக்டோபர் 30 முதல் நவம்பர் 4-க்குள் சீனாவில் அடுத்தடுத்து அறிமுகமாயின. அங்கே ரியல்மியில் 6500 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்பதன் அளவு) பேட்டரியும், ஐக்யூவில் 6150-உம், ஒன்பிளஸில் 6000-உம் இருந்தன. ஆனால் அவர் தாளில் இருந்த எண்கள் அனைத்தும் சீனாவில் விற்கும் கைப்பேசிகளின் எண்கள். நவம்பர் 26 அன்று இந்தியாவில் அறிமுகமான ரியல்மி ஜிடி 7 புரோ 5800 எம்ஏஎச் பேட்டரியோடு வந்தது. டிசம்பர் 3 அன்று அறிமுகமான ஐக்யூ 13, 6000 எம்ஏஎச்சோடு வந்தது. 2025 ஜனவரி 7 அன்று வந்த ஒன்பிளஸ் 13 மட்டும் சீனாவில் இருந்த அதே 6000-ஐ வைத்திருந்தது. அங்கே முதலிடத்தில் நின்றது இங்கே கடைசிக்குப் போனது. பெயர் அதே, உருவம் அதே, சிப்பும் அதே. அந்தத் தம்பி எந்த ஒரு காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுத்தாரோ அந்தக் காரணம் மட்டும் இல்லாமல் போயிற்று.

விலையிலும் இதே கதைதான். சீனாவில் ஒன்பிளஸ் 13-இன் தொடக்க விலை 4,499 யுவான், ஐக்யூ 13-இன் விலை 3,999 யுவான். அன்றைக்கு ஒரு யுவான் 12 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு என்பதால், இரண்டுக்கும் வித்தியாசம் ஆறாயிரம் ரூபாய்க்குள்தான். ‘ஆறாயிரம் கூடப் போட்டால் ஒன்பிளஸே கிடைக்குமே’ என்று அப்போது நினைத்தவர்கள் உண்டு. இந்தியாவில் ஐக்யூ 54,999 ரூபாய்க்கும் ஒன்பிளஸ் 69,999 ரூபாய்க்கும் வந்தபோது அந்த வித்தியாசம் பதினைந்தாயிரமாக விரிந்துவிட்டது. சீனாவில் மூன்றிலும் விலை குறைந்ததாக இருந்த ரியல்மி, இங்கே 59,999 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டு ஐக்யூவைவிட ஐந்தாயிரம் கூடுதலாகிவிட்டது. அயல்நாட்டு விலையை நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி ‘இந்தியாவில் இவ்வளவு இருக்கலாம்’ என்று எழுதுவது எவ்வளவு தூரம் வழி தவறச் செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஐபோன் 16 புரோ அமெரிக்காவில் 999 டாலர் என்றால், பெருக்கிப் பார்க்கிறவருக்கு ஏறக்குறைய 84,000 ரூபாய் என்று தோன்றும். இங்கே அது விற்பனைக்கு வந்த விலை 1,19,900 ரூபாய். அமெரிக்க விலையில் விற்பனை வரி சேர்வதில்லை என்பதும், நம்முடைய எம்ஆர்பிக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது என்பதும் அந்தப் பெருக்கலில் வருவதே இல்லை.

ஒரே பெயரில் வெவ்வேறு பொருள் வருவது இன்று நேற்று தொடங்கிய வழக்கமல்ல. சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் வந்த எஸ்21 அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் சிப்போடும், இந்தியாவில் அந்நிறுவனத்தின் சொந்த எக்சினாஸ் சிப்போடும் விற்கப்பட்டது. மறு ஆண்டு எஸ்22 வந்தபோது இந்தியாவுக்கும் ஸ்னாப்டிராகன் கிடைத்தது. 2023-இல் எல்லா நாடுகளுக்கும் ஸ்னாப்டிராகனே வந்தது. 2024-இல் எஸ்24, எஸ்24 பிளஸ் இரண்டும் இந்தியாவில் மீண்டும் எக்சினாஸுக்குத் திரும்பின. எஸ்24 அல்ட்ரா மட்டும் ஸ்னாப்டிராகனில் நின்றது. 2025-இல் மறுபடி எல்லோருக்கும் ஸ்னாப்டிராகன். போன ஆண்டு நிலவரத்தை வைத்துக்கூட இந்த ஆண்டு இப்படித்தான் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் இதன் பொருள். அப்படியிருக்க, அமெரிக்காவில் ஒருவர் எஸ்24-ஐ இரண்டு வாரம் பயன்படுத்தி, சூடாகிறதா, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று அளந்து சொன்ன முடிவு, நம் ஊர்க் கடையில் கிடைக்கும் எஸ்24-க்கு எப்படிப் பொருந்தும்?

சிப் ஒன்றாகவே இருந்தாலும் அதன்மேல் ஓடும் மென்பொருள் வேறாக இருக்கலாம். அந்த ஐக்யூ 13 சீனாவில் ஆரிஜின் ஓஎஸ்-இல் இயங்கியது. இந்தியாவுக்கு வந்தபோது ஃபன்டச் ஓஎஸ்-இல் இயங்கியது. ஒன்பிளஸ் அங்கே கலர் ஓஎஸ், இங்கே ஆக்சிஜன் ஓஎஸ். யூடியூபில் பெட்டியைப் பிரித்துக் காட்டுகிறவர், பின்னணியில் செயலிகள் எப்படி நிற்கின்றன, அறிவிப்புகள் எப்படி வருகின்றன என்றெல்லாம் காட்டுவது அந்த மென்பொருளில்தான்.

இதை என் வீட்டிலேயே அனுபவித்தேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மைத்துனர், இங்கே விற்பனைக்கு வரும்வரை பொறுக்காமல், சீனப் பதிப்புக் கைப்பேசி ஒன்றை என் மாமியாருக்காக வாங்கி வந்தார். பார்க்க அழகான போன். ஆனால் மெனுவில் தமிழைத் தேடினால் சீனமும் ஆங்கிலமும் மட்டுமே இருந்தன. பேத்தி பக்கத்தில் இல்லாவிட்டால் மாமியாருக்கு அதில் ஒன்றும் ஓடவில்லை. நான்கே மாதத்தில் சார்ஜ் ஏறும் இடம் கெட்டது. சேவை மையத்துக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த பெண் கைப்பேசியின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, இது இந்தியாவில் விற்கப்பட்ட பொருள் அல்ல, உத்தரவாதமும் இல்லை, உதிரிப் பாகமும் எங்களிடம் இல்லை என்று பணிவாகவே சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி யாரையும் குறை கூற நான் விரும்பவில்லை. பொருளை விற்ற நாட்டில்தான் உத்தரவாதம் என்பதை, வாங்குவதற்கு முன்னால் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். கடைசியில் வேறொரு பழைய போனிலிருந்து பாகத்தைக் கழற்றி நானே பொருத்திக் கொடுத்தேன்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஐபோனிலும் கவனம் தேவை. ஐபோன் 14 முதல் அந்நாட்டில் விற்கப்படுபவற்றில் சிம் போடும் தட்டே கிடையாது, அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன்கள் தயாராகி, இந்தியாவிலும் ஏறக்குறைய அதே நாளில் விற்பனை தொடங்கிவிடும் இந்தக் காலத்தில், அவசரப்பட்டு வெளியூரிலிருந்து வரவழைப்பதில் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை.

காத்திருந்ததால் நம் மக்கள் தப்பித்த கதையும் உண்டு. 2016 ஆகஸ்டில் சாம்சங் கேலக்ஸி நோட் 7 கொரியாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. 59,900 ரூபாய் விலையில் இந்தியாவிலும் முன்பதிவு தொடங்கி, செப்டம்பர் 2 அன்று கடைக்கு வர இருந்தது. அதற்குள் அங்கே பேட்டரிகள் தீப்பற்றத் தொடங்கின. அதே செப்டம்பர் 2 அன்றுதான் நிறுவனம் விற்ற கைப்பேசிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மாற்றிக் கொடுத்தவையும் எரிந்ததால் அக்டோபரில் உற்பத்தியே நின்றது. பேட்டரி தயாரித்த இரு நிறுவனங்களின் செல்களிலும் வெவ்வேறு குறைகள் இருந்ததை 2017 ஜனவரியில் சாம்சங்கே விளக்கியது. முன்பதிவு நாளில் வெளியான எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இது இருந்திருக்க முடியாது. சில வாரங்கள் மக்கள் கையில் புழங்கிய பிறகுதான் சில குறைகள் தெரியும். 2017-இல் வந்த கூகுள் பிக்சல் 2 எக்ஸ்எல்லின் திரையில் படங்களின் நிழல் படிந்துவிடும் புகாரும், அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, இந்தியாவில் நவம்பர் 15 அன்று விற்பனை தொடங்குவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது. பொறுத்தவர்களுக்கு அந்தத் தகவல் கிடைத்தது. முதல் நாளே பணம் கட்டியவர்களுக்கு அது உதவவில்லை.

காத்திருந்தவருக்கு எப்போதும் நன்மைதான் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2019-இல் பிக்சல் 4-க்காகப் பழைய போனோடு ஓட்டிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர் எனக்கு உண்டு. அதிலிருந்த, கையசைவை உணரும் சிறு ராடார் 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கியது. அதற்கான அனுமதி இங்கே இல்லாததால் அந்தக் கைப்பேசி இந்தியாவுக்கு வரவே இல்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வெளியாகாத கைப்பேசிகளைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அவற்றைப் படிப்பதில் எனக்கும் ஆர்வம் உண்டு. ஆனால் ஒவ்வொரு பேட்டரி எண்ணுக்கும் சிப்புக்கும் பக்கத்தில் அது எந்த நாட்டுப் பதிப்பின் விவரம் என்று ஒரு சொல் சேருங்கள். ‘சீனப் பதிப்பில்’ என்ற அந்த ஒரு சொல் அன்றைக்குக் கட்டுரையில் இருந்திருந்தால், சிவப்பு மையால் வட்டமிட்ட தம்பி தானே யோசித்திருப்பார். யுவானையும் டாலரையும் ரூபாயாக்கிப் போடும்போது, இது இந்திய விலை அல்ல என்பதைச் சிறிய எழுத்தில் அல்லாமல் அதே வரியில் எழுதுங்கள். இந்திய அறிவிப்பு வந்த நாளில், முன்பு எழுதிய ஒப்பீட்டில் எவையெல்லாம் மாறின என்று நான்கு வரிகளாவது வெளியிடுங்கள். அறிமுகத்துக்கு முந்தைய கட்டுரைக்கு அரைப் பக்கம் கிடைக்கிறது. வந்த பிறகு மாறியதைச் சொல்ல ஒரு மூலைகூடக் கிடைப்பதில்லை.

எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு தருகிறார்கள் என்பதையும் பேட்டரிக்குச் சமமாக எழுத வேண்டும் என்பது பழுது பார்ப்பவன் என்ற முறையில் என் விருப்பம். அந்த மூன்றில் ஒன்பிளஸ் ஆறு ஆண்டுகளும், ஐக்யூ ஐந்து ஆண்டுகளும், ரியல்மி நான்கு ஆண்டுகளும் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாக அறிவித்தன. சீட்டுப் பணத்தில் போன் வாங்குகிறவர் அதை இரண்டு ஆண்டில் தூக்கிப் போடுவதில்லை. ஐந்தாம் ஆண்டில் அது என் மேசைக்கு வரும்போது, வங்கிச் செயலியை அதில் நம்பிப் பயன்படுத்தலாமா என்றுதான் என்னிடம் கேட்கிறார்.

அந்தத் தம்பியிடம், “மார்கழியில் முகூர்த்தம் இல்லை, தைக்குள் வாங்கினால் போதும், மூன்றும் இங்கே வரட்டும்” என்று மட்டும் சொன்னேன். கார்த்திகைத் திருமணங்களைப் பழைய போனிலும் ஒரு பவர் பேங்கிலுமாகச் சமாளித்தார். டிசம்பர் கடைசியில் ஐக்யூவின் பெட்டியோடு வந்தார். பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த 6000 என்ற எண்ணை முதலில் எனக்குக் காட்டிவிட்டு, அதன் பிறகே டெம்பர் கிளாஸ் ஒட்டித் தரச் சொன்னார்.

இப்படிக்கு,
கைப்பேசிப் பழுது பார்ப்பவன்,
திருச்சி.